பூஜைச் சங்கில் ஒரு குடித்தனம்

என் அசட்டுத்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் வாயால் நீங்கள் கேட்பதைவிட அது எனக்குக் கொஞ்சம் மரியாதை.

எனக்குத் திறக்கத் தெரியும், மூடத் தெரியாது. ஊறுகாய் பாட்டில், பற்பசை, பேனா, பீரோ, காபிப்பொடி டப்பா எதுவாக இருந்தாலும் திறந்தது திறந்தபடி கிடக்க, நான் அடுத்த அறைக்குப் போய், எதற்கு வந்தேன் என்று யோசித்துக்கொண்டு நிற்பேன். கல்யாணமானதிலிருந்து என் மனைவி என்னைக் கூப்பிட்டதைவிட "மூடினேளா?" என்று கேட்டதுதான் அதிகம். இப்படிப்பட்டவன், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஆசை ஆசையாக வளர்க்க எடுத்துக்கொண்டது எதை? மூடியில் விரல்கடை சந்து கிடைத்தாலும் ஏறிக் குதித்துப் போய்விடுகிற பிராணியை.

துறவி நண்டு என்று புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். யார் வைத்த பெயரோ தெரியவில்லை. இவ்வளவு வீட்டு ஆசை பிடித்த துறவியை நான் எந்த மடத்திலும் பார்த்ததில்லை. உடம்பின் முன்பாதிக்கு ஓடு உண்டு, பின்பாதி வெறும் சதை. அந்தச் சதையை ஒளித்துவைக்கச் செத்துப்போன நத்தையின் கூட்டையோ சங்கையோ தேடிப் பிடித்து, அதற்குள் புகுந்துகொண்டு, வீட்டை முதுகில் சுமந்து நடக்கும். உடம்பு பெருத்தால் பெரிய வீடு பார்க்கும். மயிலாப்பூரில் வாடகை வீடு தேடியவர்களுக்கு இந்தக் கஷ்டத்தை நான் விளக்கத் தேவையில்லை.

அடையாறில் ஒரு மீன்தொட்டிக் கடையில்தான் முதலில் பார்த்தேன். கடைக்காரர், "சார், இது குரைக்காது, முடி கொட்டாது, வாக்கிங் கூட்டிட்டுப் போக வேணாம்" என்றார். என் மனைவியிடம் எதையெல்லாம் சொல்லி அனுமதி வாங்க முடியும் என்று அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. நாலு நண்டுகளை வாங்கி வந்தேன். பால்கனியில் பெரிய கண்ணாடித் தொட்டி, அதில் ஈர மணல், ஒரு கிண்ணத்தில் நல்ல தண்ணீர், ஒரு கிண்ணத்தில் கடல் தண்ணீர், மேலே பலகை மூடி. இது தரையில் வாழும் சாதி நண்டு. தண்ணீருக்குள் போட்டால் மூழ்கிச் செத்துவிடும். காற்றிலே ஈரம் வேண்டும், அவ்வளவுதான். சென்னையில் ஈரக் காற்றுக்கு என்ன பஞ்சம்? இந்த ஊரில் பிறந்ததற்கு நான் முதல்முறையாகப் பெருமைப்பட்டது அப்போதுதான்.

"ஆத்துக்குள்ள அது வரப்படாது. மீன் கீன்னு ஒண்ணும் போடப்படாது. மூடி மூடியிருக்கணும்" என்று என் மனைவி நிபந்தனை விதித்தாள். மூன்றுக்கும் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

இரண்டாவது நிபந்தனையைத்தான் ரொம்பக் கறாராகக் கடைப்பிடித்தேன். தேங்காய்ச் சில், கேரட், முருங்கைக்கீரை, உப்புப் போடாத தயிர் சாதம். அவையும் சாப்பிட்டன. குறிப்பாகத் தேங்காய் என்றால் கொள்ளை ஆசை. நண்டுகளைச் சைவமாக வளர்த்தவன் இந்தக் கடற்கரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று எதிர்வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன். அவர் மெதுவாகத் தன் கதவைச் சாத்திக்கொண்டார்.

அது ஒரு வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளிக்கிழமை என்பதால் என் மனைவி பூஜைச் சாமான்களை எல்லாம் தேய்த்து அலம்பி, பால்கனியில் பழைய புடவையை விரித்துக் காயவைத்திருந்தாள். விளக்கு, மணி, பஞ்சபாத்திரம், இவற்றோடு சங்கு. கல்யாணத்தின்போது அவள் அம்மா கொடுத்தது. ஊதுகிற சங்கு இல்லை, அபிஷேகத்துக்கான சின்னச் சங்கு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். உள்புறம் இளஞ்சிவப்பாகப் பளபளக்கும். அவள் அம்மாவுக்கு அவருடைய மாமியார் கொடுத்ததாம். வெள்ளிக்கிழமைதோறும் அதில் இளநீர் ஊற்றி, வீட்டிலிருக்கும் விரல் நீள அம்பாள் விக்கிரகத்துக்கு அபிஷேகம் செய்வாள். அவளுடைய நகைகளில் எதையாவது நான் தொலைத்திருந்தால்கூட மன்னித்திருப்பாள்.

சாயங்காலம் அவள் பால்கனிக்குப் போனாள். அங்கிருந்து, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் நம் தோளில் தூங்கிவிட்டால் எழுப்புவோமே, அந்த மாதிரி ஒரு குரலில் கூப்பிட்டாள்.

"ஏன்னா. இங்க கொஞ்சம் வாங்கோ."

"என்ன?"

"சங்கு நடக்கறது."

நடந்தது. விளக்குக்கும் மணிக்கும் நடுவில் நிதானமாக, சொந்த வீட்டு வராந்தாவில் உலாத்துகிறமாதிரி நடந்தது. பஞ்சபாத்திரத்தின் பக்கத்தில் அது கழற்றிப் போட்ட பழைய நத்தைக் கூடு கவிழ்ந்து கிடந்தது. தொட்டியின் மூடி, நான் வழக்கமாக விடுகிறபடி, பாதி திறந்திருந்தது.

"எடுங்கோ" என்றாள்.

எடுத்தேன். அது ஊதா நிறக் கொடுக்கால் வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

"அதை வெளில எடுங்கோ."

"எடுக்க முடியாது. பிடிச்சு இழுத்தா உடம்பு ரெண்டா அறுந்தாலும் அறுமே தவிர, பிடியை விடாது. அதுவா மனசு வந்து வேற வீடு மாறினாத்தான் உண்டு."

என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எந்தச் சிக்கலையும் படி படியாகப் பிரித்துப் பார்ப்பாள். "நவராத்திரிக்கு எங்கம்மா வரா" என்றாள். "வந்து கால் அலம்பிண்டு நேரா பூஜை ரூமுக்குத்தான் போவா. போனதும் சங்கைத்தான் பார்ப்பா. அதுக்குள்ள அந்தச் சங்கு அலம்பி அலமாரில இருக்கணும். நண்டு எங்க இருக்கும்கறது உங்க பாடு."

நவராத்திரிக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. "இவ்வளவுதானே" என்றேன். எனக்குத் தன்னம்பிக்கை அதிகம். எதை வைத்து என்று மட்டும் கேட்காதீர்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சங்கு இல்லாமல் வெள்ளி உத்தரணிக் கரண்டியால் அபிஷேகம் நடந்தது. முடிந்ததும் அவள் நேராகப் பால்கனிக்கு வந்தாள். கையில் சந்தனக் கிண்ணம். தொட்டிக்குள் கைவிட்டு, சங்கின் முதுகில் ஒரு சந்தனப் பொட்டு வைத்தாள்.

"நண்டுக்கா?"

"சங்குக்கு. உள்ள யார் இருந்தா என்ன? சங்கு சங்குதான்."

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் இது நடந்தது. சந்தனப் பொட்டோடு ஒரு நண்டு என் தொட்டியில் உலா வந்தது. மற்ற மூன்றும் அதற்கு வழிவிட்டு ஒதுங்கிய மாதிரி எனக்குத் தோன்றியது. பெரிய வீடு என்பதால் இருக்கலாம்.

மாற்று வீடு தேடிப் பட்டினப்பாக்கம் போனேன். அங்கே ரோட்டோரம் மீன் விற்கிற அம்மா ஒருவரை எனக்குத் தெரியும். கடல் தண்ணீர் கொடுத்து உதவுகிறவர். கரையோரத் தண்ணீரில் ஊர்ச் சாக்கடையெல்லாம் கலந்திருப்பதால், அவர் வீட்டுக்காரர் படகில் போகும்போது அலைக்கு அந்தப் பக்கம் கேனில் மொண்டு வந்து தருவார். முதல் நாள் நான் காலி கேனோடு போய் நின்றபோது அந்த அம்மாள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "மீனு வாங்குனா மீனு தருவேன். உப்புத் தண்ணிய இன்னாத்துக்கு சாமி தூக்கினு போற? ஊட்ல உப்பு தீந்துபோச்சா?"

இப்போது நான் காலிக் கூடுகள் வேண்டும் என்றதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னாத்துக்கு?"

"நண்டு குடியிருக்க."

"இப்ப எங்க குடியிருக்குது?"

சொன்னேன். அவர் பக்கத்துக் கடைக்குத் திரும்பி, "ஏ, கேட்டியா! சாமி ஊட்டு சங்குல நண்டு பூந்துகிச்சாம்! பொட்டு வெச்சு கும்புட்டுகினு கீறாங்களாம்!" என்று அறிவித்தார். வரிசையாக எல்லாக் கடைகளுக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. என் மானம் போன வேகத்தில் எந்தத் தந்தியும் போயிருக்காது. ஆனாலும் அவர் வலையில் மாட்டுகிற கூடுகளைப் பொறுக்கி வைத்து, ஒரு பை நிறையத் தந்தார். "அட்வான்ஸ் எத்தினி மாசம் கேக்கட்டும்?" என்று சேர்த்துச் சொன்னார்.

பையைக் கொண்டுவந்து கூடுகளைக் கொதிக்கவைத்து, கடையில் செருப்பு அடுக்குவது மாதிரி தொட்டிக்குள் வரிசையாக வைத்தேன். சந்தனப் பொட்டு வந்தது. ஒவ்வொன்றையும் கொடுக்கால் தட்டிப் பார்த்தது. வாசலில் கைவிட்டு அளந்தது. திரும்பிப் போய்விட்டது. பெண் பார்க்க வந்து பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று கிளம்புகிறவர்கள் மாதிரி.

இந்தச் சமயத்தில்தான் அதன் உடம்பில் ஒரு வியாதியைக் கண்டேன். தண்ணீர்க் கிண்ணத்துக்குள் இறங்கிச் சங்கை விட்டுக் கொஞ்சம் வெளியே நீண்டிருந்தது. வயிற்றின் இடது பக்கம் செங்கல் நிறத்தில், கேழ்வரகு ஒட்டியமாதிரி கொத்துக் கொத்தாக ஏதோ. பூஞ்சைக் காளான் என்று நான் உடனே தீர்மானித்தேன். வைத்தியமும் உடனே ஆரம்பித்தேன். மஞ்சள் தூளைக் கரைத்துப் பஞ்சில் தோய்த்துக்கொண்டு தொட்டியின்மேல் குனிந்தபோது என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்ன பண்றேள்?"

"காளான். மஞ்சள் வைக்கப்போறேன்."

அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள். "அது முட்டை" என்றாள். "பஞ்சைத் தூரப் போடுங்கோ."

வாங்கி வந்த நாளிலிருந்து அதை ஆண் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நடையில் ஒரு கம்பீரம் இருந்தது, அதை வைத்து.

அதன்பின் நான் வேறு மனிதன் ஆனேன். துறவி நண்டை வீட்டில் வைத்துக் குஞ்சு பொரிக்கவைத்துக் கரையேற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. முட்டைகள் தாயின் வயிற்றிலேயே ஒட்டிக்கொண்டிருந்து, செங்கல் நிறம் சாம்பல் நிறமாகும்போது, தாய் கடலோரம் போய் உதறிவிடும். உப்புத் தண்ணீர் பட்டதும் வெடித்து, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குஞ்சுகள் நீந்தும். நண்டு மாதிரியே இருக்காது, ஒரு புள்ளிக்கு வால் முளைத்த மாதிரி இருக்கும். பல தடவை தோல் உரித்து வளர்ந்து, கடைசியில் ஒரு பொடிச் சங்கைத் தேடிப் புகுந்துகொண்டு தரைக்கு ஏறவேண்டும். பெரிய பெரிய ஆட்கள் தோற்றுப்போன விஷயம். நான் ஜெயிப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காளானுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவனுக்கு வருகிற தைரியம் படித்தவர்களுக்கு வராது.

"முட்டை பொரியற வரைக்கும் அதைத் தொந்தரவு பண்ணப்படாது" என்று மனைவியிடம் சொன்னேன். "பிள்ளைத்தாச்சியைக் காலி பண்ணச் சொல்லலாமோ?"

அவள் யோசித்தாள். "சரி, பொரியட்டும். ஆனா நவராத்திரி தள்ளிப் போகாது. எங்கம்மாவும் தள்ளிப் போட மாட்டா."

தி.நகரில் அலைந்து, மிட்டாய்க் கடையில் வைக்கிற மாதிரி ஒரு பெரிய உருண்டைக் கண்ணாடி ஜாடி வாங்கினேன். மூலை இருந்தால் குஞ்சுகள் அதில் போய் ஒட்டிக்கொண்டு செத்துவிடும். உருண்டையாக இருந்து, அடியிலிருந்து காற்றுக் குமிழி வந்துகொண்டே இருந்தால் சுழன்றுகொண்டிருக்கும். கடல் தண்ணீரை என் எட்டுமுழ வேட்டியை நாலாக மடித்து வடிகட்டினேன். அந்த வேட்டியை அப்புறம் ஒரு கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போனேன். பந்தியில் என் இரண்டு பக்கமும் இலை காலியாக இருந்தது.

ஒரு காலை, காபி டம்ளரோடு பால்கனிக்குப் போனேன். சந்தனப் பொட்டு கடல்தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் நின்று, சங்கைவிட்டுப் பாதி வெளியே வந்து, வயிற்றைக் காலால் வழித்து வழித்து உதறிக்கொண்டிருந்தது. தண்ணீர் புகைந்தமாதிரி ஆயிற்று. அந்தப் புகை நீந்தியது. நான் கத்திய கத்தலில் கீழ்வீட்டில் பிரஷர் குக்கரை அணைத்துவிட்டார்கள்.

குஞ்சுகளை ஜாடிக்கு மாற்றியாயிற்று. என்ன போடுவது? எங்கள் வீட்டு வழக்கப்படி ஸ்பைருலினா என்கிற பாசிப்பொடி, சோயா மாவு, துணியில் வடிகட்டிய பச்சைப்பட்டாணித் தண்ணீர். முழுச் சைவம். ஜாடியில் கூட்டம் நாளுக்கு நாள் குறைந்தது. பட்டினி போலும் என்று பட்டாணித் தண்ணீரை அதிகமாக்கினேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த அன்றுதான் விஷயம் புரிந்தது. ஒன்று இன்னொன்றை வாலிலிருந்து தின்றுகொண்டிருந்தது. நான் பட்டாணி கொடுத்து வளர்த்த குழந்தைகள், பட்டாணியை ஒதுக்கிவிட்டுக் கூடப்பிறந்தவர்களைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. எதிர்வீட்டுக்காரரிடம் இதை நான் சொல்லவில்லை.

அடையாறுக் கடைக்காரருக்குப் போன் போட்டேன். "சார், அதுக்கு ஆர்ட்டிமியா போடணும் சார். பொடி இறால். முட்டையாவே டப்பால விக்குது. உப்புத் தண்ணில போட்டா மறுநாள் பொரிஞ்சிரும்" என்றார். இரண்டாவது நிபந்தனை என் முன்னால் வந்து நின்றது.

"ஒரு விஷயம்" என்று மனைவியிடம் ஆரம்பித்தேன். "குஞ்சுக்கெல்லாம் ஒரு ஆகாரம் வேணும். கொஞ்சம் இறால் மாதிரி."

"மாதிரின்னா?"

"இறால்தான். ஆனா கண்ணுக்கே தெரியாது."

"கண்ணுக்கே தெரியாதுன்னா என்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாமே. இப்ப சொல்லிட்டேள். இனிமே எனக்குத் தெரியுமே."

நான் ஜாடியைக் காட்டினேன். அவளும் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து, "பால்கனியோட நிறுத்திக்கோங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்று சாயங்காலம் ஜாடி பக்கத்தில் ஒரு தனி ஸ்பூன் இருந்தது. பிடியில் சிவப்பு நூல் கட்டி, சமையலறை ஸ்பூன்களோடு கலந்துவிடாதபடி அவள் வைத்தது.

இறால் வந்ததும் நிலைமை மாறியது. மிஞ்சியவை மிஞ்சின. தோல் உரித்தன, வளர்ந்தன, ஒருநாள் வாலை மடக்கிக்கொண்டு தரையில் நடக்க ஆரம்பித்தன. இனி அவற்றுக்கு வீடு வேண்டும். அரிசிக் குறுணை அளவில் வீடு.

மாவுச் சல்லடையை எடுத்துக்கொண்டு விடிந்தும் விடியாமலும் பட்டினப்பாக்கம் கடற்கரைக்குப் போனேன். ஈர மணலை அள்ளிச் சல்லடையில் போட்டு, அலையில் அலசினால் பொடிச் சங்குகள் தங்கும். குனிந்து உட்கார்ந்து மும்முரமாகச் சலித்துக்கொண்டிருந்தேன். நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் பக்கத்தில் நின்றார்.

"மோதிரமா சார்?"

நண்டுக் குழந்தைகளுக்கு வீடு பார்க்கிறேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "மூக்குத்தி" என்றேன். ஏன் மூக்குத்தி என்றேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"அடடா. வைரமா?"

தலையாட்டினேன். சொன்னேனே, அதில் நான் கெட்டிக்காரன். அவர் ஷூவைக் கழற்றிவிட்டு மண்டியிட்டார். இன்னொருவர் வந்தார். இரண்டு பெண்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர், "அம்மா தாயே, கிடைச்சுடணும்" என்று வேண்டிக்கொண்டே தேடினார். அந்த நேரம் பார்த்துக் கூடையோடு வந்தார் மீன்காரம்மா. கூட்டத்தைப் பார்த்தார், சல்லடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னா தேடிகினு கீறீங்க எல்லாரும்?"

"சாரோட மூக்குத்தி."

"அவுரு மூக்குலயா மாட்டிகினு இருந்தாரு? தொ பாரு, அவுரு நண்டுக் குஞ்சுக்கு ஊடு தேடிகினு கீறாரு. எந்திரிச்சு வேலயப் பாருங்க."

முதலில் மண்டியிட்டவர் எழுந்து ஷூவை மாட்டிக்கொண்டு நடந்தார். வேண்டிக்கொண்ட பெண் மட்டும், "அட, நண்டா?" என்று கேட்டு, தன் உள்ளங்கையில் ஒட்டியிருந்த பொடிச் சங்குகளை என் சல்லடையில் தட்டிவிட்டுப் போனார்.

புரட்டாசி பிறந்தபோது, ஜாடியிலிருந்து சரிவாகச் சாய்த்து வைத்த கூரை ஓட்டுத் துண்டின் வழியே மூன்று குஞ்சுகள் கரையேறின. அரிசி அளவு சங்குகள், அவற்றின் அடியில் முடி மாதிரிக் கால்கள். தாய் உதறியபோது புகைமூட்டமாக இருந்த கூட்டத்தில் மூன்று. ஆனாலும் மூன்று! எனக்குத் தரையில் கால் பாவவில்லை. நேராகப் பட்டினப்பாக்கம் ஓடினேன்.

"கரையேறிடுத்து! மூணு குஞ்சு!"

மீன்காரம்மா ஒரு சங்கரா மீனைச் செதில் தேய்த்துக்கொண்டே, "மூணுதானா? கொழம்புக்கு ஆவாதே சாமி" என்றார். ஆனால் அன்று தண்ணீர்க் கேனை ஆட்டோ வரைக்கும் தானே தூக்கிக்கொண்டு வந்தார். ஆட்டோக்காரரிடம், "பாத்துப் போ நைனா, புள்ள பெத்த ஊடு" என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தால் என் மனைவி தொட்டியருகே நிற்கிறாள். முகத்தில் குஞ்சு பிறந்த களை எதுவும் இல்லை.

"அம்மா டிக்கெட் எடுத்துட்டா" என்றாள். "அடுத்த வாரம் வரா. சங்கு?"

சந்தனப் பொட்டு சங்கோடு நடைபோட்டுக்கொண்டிருந்தது. குஞ்சு பொரித்து எத்தனையோ நாளாகிவிட்டது. காலி செய்வதாக எந்த உத்தேசமும் தெரியவில்லை. வரிசையாக வைத்த கூடுகளின்மேல் ஏறி இறங்கியது, அவ்வளவே. நான் நிபுணத்துவத்தோடு பேசினேன். "அது அடுத்த தடவை தோல் உரிச்சு, உடம்பு பெருத்தாத்தான் மாறும். இது இயற்கை. நாம அவசரப்படுத்த முடியாது."

"அப்போ எங்கம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்கோ. இயற்கைன்னு."

சொல்லிவிட்டு, தொட்டிக்குள் கைவிட்டுச் சங்கின் முதுகில் மங்கியிருந்த பொட்டை விரலால் தடவினாள். அதுவரை நான் இதை ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வெள்ளியும் தொட்டிக்குள் கைவிட்டு அவள் பொட்டு வைத்தது எனக்கு வேடிக்கை. அவளுக்கு அது, சங்கு கைவிட்டுப் போகவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

அன்று வியாழக்கிழமை. பூஜைச் சாமான்களை அலம்பிக் காயவைக்கும்போது அவள் சும்மா இருக்கவில்லை. வரிசையில் இருந்த கூடுகளில் வாய் அகலமான ஒன்றைப் பொறுக்கினாள். முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"எத்தனை நாழி கொதிக்கவெச்சேள்? இன்னும் மீன் நாத்தம். யார் குடி போவா?"

"நண்டுக்கு மீன் நாத்தம்னா பிடிக்காதா என்ன?"

"நீங்க அதுக்குத் தயிர் சாதமும் தேங்காயும் போட்டு வளர்த்தேள். அது எங்காத்து நண்டு." கூட்டைத் திருப்பி அதன் வாயைப் பார்த்தாள். "அன்னிக்கு அது சங்குக்குள்ள ஏன் போச்சு? வெள்ளிக்கு வெள்ளி இளநீர் ஊத்தி ஊத்தி ஊறின சங்கு. தேங்காய் வாசனைக்குத்தான் வந்திருக்கும். வந்த இடத்துல வீடும் நன்னா இருந்தது."

அந்தக் கூட்டை விபூதி போட்டுத் தேய்த்து, மூன்று நாலு தடவை அலம்பி, இளநீரை ஊற்றிக் கொஞ்ச நேரம் ஊறவைத்துக் கவிழ்த்தாள். பழைய புடவையை விரித்தாள். விளக்கு, மணி, பஞ்சபாத்திரம் எல்லாம் அதனதன் இடத்தில் வைத்து, நடுவில் அந்தக் கூட்டை வைத்தாள். பிறகு தொட்டிக்குள் கைவிட்டுச் சங்கை நண்டோடு எடுத்துப் புடவையின்மேல் விட்டாள்.

"நடக்காது" என்றேன் உறுதியாக.

"காபி சாப்பிடலாம் வாங்கோ" என்றாள்.

பால்கனிக் கதவோரம் உட்கார்ந்து குடித்தோம். சந்தனப் பொட்டு மணியைச் சுற்றி வந்தது. விளக்கைத் தொட்டுப் பார்த்தது. கூட்டின் பக்கம் போனது. மீசையை ஆட்டி ஆட்டி முகர்ந்தது. கூட்டைப் புரட்டியது, வாசலைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது, கொடுக்கை முழுசாக உள்ளே விட்டுத் துழாவியது. எனக்குக் காபி ஆறிக்கொண்டிருந்தது. பிறகு சட்டென்று, இளஞ்சிவப்பாகச் சுருண்ட வெறும் உடம்பு ஒன்று சங்கிலிருந்து வெளியே வந்து, காற்றில் ஒரு நொடி தயங்கி, அடுத்த கூட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போயிற்று.

என் மனைவி, குளிக்கிற யாரையோ தெரியாமல் பார்த்துவிட்டமாதிரி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுகணமே பாய்ந்து சங்கை எடுத்துக்கொண்டாள். அதற்கு மனசு மாறுவதற்குள்.

அவள் அம்மா வந்தார். கால் அலம்பினார். நேராகப் பூஜை அறைக்குப் போனார். நான் ஹாலில் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏண்டி, சங்கு உள்ளெல்லாம் இப்படிப் பளபளங்கறதே. எங்காத்துல இருந்தப்போகூட இப்படி இருந்ததில்லையே. என்ன போட்டுத் தேய்க்கறே?"

"விபூதிம்மா" என்றாள் என் மனைவி, கொஞ்சமும் தடுமாறாமல். கணக்கு வாத்தியார்.

மாதக்கணக்கில் உள்ளேயே புரண்டு புரண்டு மெருகேற்றியது யார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நான் செய்தித்தாளை நேராகத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். மறுநாள் வெள்ளிக்கிழமை அந்தச் சங்கில் இளநீர் வார்த்து அபிஷேகம் நடந்தது. நண்டு இருந்த சங்கு ஆகுமா என்று நான் தனியாகக் கேட்டதற்கு, "அதுக்கு முன்னாடி அதுல நத்தைதான் இருந்தது" என்று முடித்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் பூஜைச் சாமான்கள் எல்லாம் அலம்பி மறுபடி பால்கனியில் காய்ந்தன. சங்கும் காய்ந்தது. எனக்குப் பெருமை பொங்கியது. மாமியார் கோயிலுக்குப் போயிருக்க, மனைவி விளக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் எதிரே போய் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, ஒரு சின்ன உரை ஆற்றினேன். மயிலாப்பூரில் ஒரு பால்கனியில் துறவி நண்டைக் குஞ்சு பொரிக்கவைத்துக் கரையேற்றியிருக்கிறோம். உன் சங்கும் வந்துவிட்டது, முன்னைவிடப் பளபளப்பாகவே வந்துவிட்டது. இந்த மூன்று குஞ்சுகள் பெரிதாகி அவையும் முட்டை வைக்கும். அப்போது இந்த வீட்டில் நாம் இரண்டு பேரும் நண்டு வளர்ப்பில் ஒரு பரம்பரையையே ஆரம்பித்து வைத்தவர்கள் ஆவோம். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டேன்.

அவள் திரியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தொட்டியை மூடினேளா?"